மஞ்சள் துணியில் முடிந்த ஆணி

அடியே,

ஊக்குகளைப் போட்டுவைக்க டப்பாவைத் திறந்தேன், ஆணி கிடைத்தது. எந்த ஆணி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாளைக்கு எனக்கு முழங்காலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். "உடம்புல மெட்டல் எதுவுமே இருக்கக் கூடாது ஆன்ட்டி" என்று ஸ்கேன் சென்டரிலிருந்து ஒரு பெண் போனில் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். எனக்கா சொல்லித்தருகிறாய் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு, தாலிச் சங்கிலியில் தொங்கிய ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஏழு. 'கழுத்துல ஹார்டுவேர் கடை வச்சிக்கினு சுத்தறா பாரு' என்பாயே, அந்தக் கடையை நான் இன்னும் மூடவில்லை. கழற்றியவற்றைப் போட்டுவைக்கத்தான் தையல் சாமான் இருக்கும் பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். பட்டன்களுக்கு அடியில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் துணி முடிச்சு. அதன்மேல் நீ ஒட்டிய பிளாஸ்திரி. அதில் உன் கோழிக்கிறுக்கல் எழுத்தில், 'மாமியார். வலது தொடை.'

மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். மஞ்சள் வாசனை எப்போதோ போய்விட்டது, துரு வாசனைதான் வந்தது. அதற்கே நான் சிரித்த சிரிப்பில் மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன அத்தை, தனியா சிரிக்கிறீங்க?"

"தனியா இல்லம்மா. ஃபிரெண்டு வந்திருக்கா."

அவள் வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கரண்டியோடு உள்ளே போய்விட்டாள். பாவம், பயந்திருப்பாள்.

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உனக்கு எழுத வேண்டும் என்று நாலைந்து தடவை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் அழுகையில் முடிந்து எழுந்துவிட்டேன். இன்றைக்குத்தான் சிரிப்பில் ஆரம்பித்திருக்கிறது. இதை விடக்கூடாது என்று, சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் பேனாவை எடுத்துவிட்டேன்.

நம் சிநேகிதம் ரயிலில் பிடித்த சிநேகிதம். தொண்ணூறுகளின் ஆரம்பம். நான் கிழக்குத் தாம்பரம் காலனிக்காரி, பாரிமுனையில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். எலெக்ட்ரிக் ட்ரெயின் தாம்பரத்திலேயே கிளம்புவதால் எனக்கு ஜன்னல் சீட்டு நிச்சயம். பக்கத்துச் சீட்டில் டிபன் பையை வைத்து, நிற்கிறவர்கள் முறைப்பதையெல்லாம் தாங்கிக்கொண்டு, உனக்கு இடம் பிடித்து வைப்பேன். நீ கீழ்க்கட்டளையிலிருந்து பஸ் பிடித்து வந்து பல்லாவரத்தில் ஏறுவாய். எழும்பூர் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் உனக்கு வேலை. 'மிஷின் ஓட்டறேன்' என்று மட்டும் சொல்வாய். முதல் ஒரு வாரம் உன்னைத் தையற்காரி என்றே நினைத்திருந்தேன்.

உங்களுடையது ஏரித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பம். நிலமெல்லாம் மனையாகிவிட்டது, கொல்லையில் ஒரு முல்லைக் கொடி மட்டும் மிச்சம். அதில் பறித்த மொட்டை ஈரத்துணியில் முடிந்து கொண்டுவருவாய். நூல் என் பையில். பல்லாவரத்தில் கட்ட ஆரம்பித்தால் நீ இறங்குவதற்குள் இரண்டு முழம் சரம் ஆகிவிடும். உனக்குப் பூக்கட்டச் சுட்டுப்போட்டாலும் வராது. சரத்தை ஆளுக்குப் பாதியாக அறுத்து அவரவர் தலையில் அவரவர் வைத்துக்கொள்வோம்.

ஒருநாள் மீனம்பாக்கம் தாண்டியதும் கேட்டாயே.

"இன்னாடி கிளார்க்கம்மா, மூணு வாரமா பாக்கறேன், உன் பூவ நான்தான் வச்சி வுடறேன். உன் கைக்கு இன்னா ஆச்சு?"

"தோள்பட்டையில கொஞ்சம் வலி."

"வலிக்குதா, இல்ல தூக்க முடியலியா?"

வலியே இல்லை என்பது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. விரல்கள் எப்போதும்போலப் பூக்கட்டின. கைதான் காதுக்கு மேலே ஏறமாட்டேன் என்றது. நானாகவே ஒவ்வொன்றாய் ஒப்பித்தேன். ட்ரெயின் படியில் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துத்தான் ஏறுகிறேன். ஆபீஸ் மாடிப்படியில் நடுவில் நின்று, சேலை மடிப்பைச் சரிசெய்வதுபோல நடிக்கிறேன். வீட்டில் சொன்னால் 'ரத்தம் கம்மி, பேரீச்சம்பழம் சாப்பிடு' என்கிறார்கள். எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது.

"எந்திரிச்சி நில்லு. எதையும் புடிக்காத" என்றாய். சீட்டிலிருந்து எழ முடியவில்லை. எதிரே இருந்தவள் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. எப்போதும் சிரிக்கிற உன் முகம் அப்படி இருந்ததைப் பார்த்துத்தான் நான் பயந்தேன்.

நரம்பு டாக்டரிடம் போனேன். ரத்தத்தில் தசை உடைவதற்கான அடையாளம் எக்கச்சக்கமாக இருந்தது. இடது கையில் ஊசிபோட்டு மரத்துப்போகச் செய்து, பட்டாணி அளவு தசையை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். 'குறிப்பாக எதுவும் இல்லை' என்று வந்தது. நல்ல மனுஷர் அந்த டாக்டர், பொறுமையாகச் சொன்னார். இதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் உடம்பே தன் தசையைத் தாக்கி வீங்க வைக்கும், அதற்கு மருந்து உண்டு. இன்னொன்று பரம்பரை நோய், தசை தானாகக் கரைந்துகொண்டே போகும், அதற்கு மருந்து இல்லை. வீக்கத்துக்கான அடையாளம் துண்டில் கிடைக்கவில்லை, அதனால் இரண்டாவதாகத்தான் இருக்கும்போலத் தோன்றுகிறது என்றார். எழுந்து வரும்போது ஒன்று கேட்டார்.

"உங்களுக்குப் பையன் இருக்கான்ல? அவன் தரையில இருந்து எப்படி எழுந்திருக்கான்னு கொஞ்சம் கவனிங்க. தொடையில கை ஊன்றி எழுந்தா கூட்டிட்டு வாங்க."

எனக்கு என் கால் போனால் போகட்டும் என்றிருந்தது. இந்த ஒரு வாக்கியத்தைத்தான் தாங்க முடியவில்லை. பையனுக்கு ஏழு வயது. அன்றிலிருந்து அவன் தரையில் உட்கார்ந்தாலே என் கைவேலை நின்றுவிடும். எழும்போது கை எங்கே போகிறது என்று பார்ப்பேன். கேரம் ஆடிவிட்டு எழுந்தால் பார்ப்பேன், சாப்பிட்டு எழுந்தால் பார்ப்பேன். "ஏம்மா என்னையே மொறைக்கிற?" என்று ஒருநாள் கேட்டேவிட்டான்.

மறுநாள் ரயிலில் உன்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிண்டியில், "துண்டு எந்த எடத்துல எடுத்தாங்க?" என்றாய்.

"இடது கையில."

"ஏன் அங்க?"

"எனக்கென்ன தெரியும்?"

"அவங்களுக்கு மட்டும் இன்னா தெரியும்? ஊர்ல கரண்ட்டு போனா எல்லாத் தெருவுலயுமா போவுது? ஒரு தெரு இருட்டா கீது, பக்கத்துத் தெருவுல லைட்டு எரியுது. லைட்டு எரியற தெருவுக்குப் போய்ப் பாத்துட்டு, கரண்ட்டெல்லாம் இருக்குதேன்னு எழுதிக்கினு வந்தா சரியா? எந்தத் தெருவுல போச்சின்னு மொதல்ல பாக்கணும். அதுக்கு என் மிஷின் கீது."

அந்தக் காலத்தில் இந்த ஊரில் எம்.ஆர்.ஐ. என்றால் தலைக்கும் முதுகுக்கும்தான். உங்கள் பெரிய டாக்டர் அறையில் தூசி தட்டும் சாக்கில் மருத்துவப் பத்திரிகைகளைப் புரட்டுகிற பழக்கம் உனக்கு உண்டு. தசை நோய்க்குத் தொடையை ஸ்கேன் எடுத்து, எந்த இடத்தில் துண்டு எடுப்பது என்று பார்க்கிறார்கள் என்பதை அதில்தான் படித்திருந்தாய். நரம்பு டாக்டரிடம் என்னைக் கேட்கச் சொன்னாய். அவர் யோசித்துவிட்டு, "எடுத்துப் பார்க்கலாம், தப்பில்லை" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். உங்கள் பெரிய டாக்டரோ, "தலைக்கே டைம் இல்லை, தொடைக்கா?" என்றாராம். "தொடையும் உடம்புலதான் சார் இருக்கு" என்றாயாம். இதை நீ என்னிடம் சொன்னதே பதினைந்து தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் அந்த வசனம் கொஞ்சம் நீளமாகும்.

முந்தின நாள் ரயிலில் எனக்கு வகுப்பு எடுத்தாய். "ரெண்டு படம் எடுப்பேன். மொதப் படத்துல கொழுப்பு வெள்ளையா தெரியும். தசை கரைஞ்சு போன எடத்துல கொழுப்பு வந்து குடியேறிக்கும், அப்புறம் காலி பண்ணாது. ரெண்டாவது படத்துல கொழுப்பக் கறுப்பாக்கிட்டுப் பாப்பேன். அப்ப வெள்ளையா தெரிஞ்சா அது தண்ணி. தண்ணின்னா வீக்கம். வீக்கம்னா மருந்து கீது. அவ்ளோதான் மேட்டர்."

"நான் என்னன்னு வேண்டிக்கணும்?"

"மொதப் படத்துல வெள்ளை கூடாது, ரெண்டாவது படத்துல வெள்ளை வேணும். இப்படியே சொல்லு, சாமிக்குப் புரியும்."

அப்படியே மாமியாரிடம் சொன்னேன். அவரும் காலனிப் பிள்ளையாரிடம் போய், முதல் படம், இரண்டாம் படம் என்று விளக்கிவிட்டு வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு தடவை சொன்னாராம்.

என் மாமியாரைப் பற்றி உனக்குத் தெரியும். நல்லவர், ஆனால் எதிலும் தன் கை ஒன்று இருக்க வேண்டும் அவருக்கு. நீ போனில் சொன்ன பட்டியல்தான் அவரைக் கலக்கிவிட்டது. வளையல் கூடாது, தோடு கூடாது, மூக்குத்தி கூடாது, மெட்டி கூடாது, ஹேர்பின் கூடாது, தாலிச் சங்கிலி கூடாது. "கழட்டிட்டு மஞ்சக் கிழங்கக் கயித்துல கட்டி அனுப்புங்கம்மா, கயிறு ஒண்ணும் பண்ணாது" என்று நீயே வழியும் சொன்னாய். அவர் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டார். கட்டும்போது கண் என் பாவாடைமேலேயே இருந்தது. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

எங்கள் ஆட்கள் வெளியே கறிச்சோறு கொண்டுபோனாலே தூக்குவாளிக்குள் ஒரு கரித்துண்டோ இரும்புத்துண்டோ போட்டு அனுப்புகிறவர்கள். காத்துக் கருப்பு இரும்புக்குப் பயப்படும். இங்கே மருமகளை, இருட்டுக் குழாய்க்குள், உடம்பில் பொட்டுத் தங்கம் வெள்ளி இல்லாமல், மொட்டையாக அனுப்பச் சொல்கிறார்கள். அந்த அம்மாள் என்ன செய்வார்? ஒரு ஆணியை மஞ்சள் துணியில் முடிந்து, நான் உடுத்தவிருந்த பாவாடையின் உட்புறம் நாலு தையல் போட்டு வைத்துவிட்டார். இடுப்பில் இல்லை. சரியாக வலது தொடைப் பக்கம். வியாதி தொடையில் என்றால் காவலும் அங்கேதானே நிற்க வேண்டும்! எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மற்ற இடங்களில் பாவாடையையும் கழற்றச் சொல்வார்களாம். நீ மட்டும், "நாடா வச்ச பாவாடதானே, கூச்சப்படாத, மேல கவுனப் போட்டுக்க" என்று விட்டுவிடுவாய். உன் நல்ல மனசு அன்றைக்கு உன்னையே காலை வாரிவிட்டது.

"மெட்டல் ஏதாவது கீதா?"

"சத்தியமா இல்லை."

உள்ளே தள்ளினாய். டக்டக்கென்று சத்தம், மாவு மில்லில் படுத்ததுபோல. வலது தொடைப்பக்கம் பாவாடையை யாரோ பிடித்து இழுப்பதுபோல இருந்தது. மிஷின் என்றால் இழுக்கும்போல என்று வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். என்னைவிடப் பெரிய முட்டாள் அந்தக் குழாய்க்குள் அதற்குமுன் படுத்திருக்க மாட்டாள்.

திடீரென்று சத்தம் நின்றது. நீ உள்ளே ஓடிவந்தாய். திரையில் இடது தொடை ஒழுங்காக வந்திருக்க, வலது தொடையில் எலி கடித்ததுபோலப் பெரிய கறுப்பு ஓட்டை விழுந்திருந்ததாம். பெரிய டாக்டரே எழுந்து வந்து "என்னது இது?" என்றாராம்.

"அடியே, இன்னா வச்சிகினு கீற?"

"ஒண்ணுமில்லடி!"

என்னை வெளியே இழுத்து, வேறு அறைக்குக் கூட்டிப்போய்ப் பாவாடையைத் தடவினாய். மூன்றாவது தடவலில் உன் கை நின்றது. தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாய். ஆணியைப் பார்த்ததும் உன் மூஞ்சி போன போக்கை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். அதைத் தூக்கிக்கொண்டு நேராக எல்லாரும் காத்திருந்த ஹாலுக்குப் போனாய். நான் கவுனோடு பின்னாலேயே வந்து கதவோரம் நின்றேன்.

"யம்மா, இது இன்னாது?"

மாமியார் கொஞ்சமும் அசரவில்லை. "இரும்பும்மா. இருட்டுக்குள்ள தனியா போறாளே, ஒரு துணை வேணாமா?"

"இது பிச்சிக்கினு பறந்து அவ வயித்துல குத்தியிருந்தா? உள்ள கீற மிஷினு எம்மாம் பெரிய காந்தம் தெரியுமா? எவ்ளோ இரும்பு தெரியுமா அது? அதவிடவா இந்த ஆணி துணை?"

மாமியார் கொஞ்சம் யோசித்தார். "அப்போ அந்த மிஷினே இரும்புதானா?"

"முழுசா."

"அப்போ காத்துக் கருப்பு எதுவும் கிட்ட வராதா?"

"காத்துக் கருப்பு இன்னா, ஒரு சைக்கிள்கூடக் கிட்ட வர முடியாது."

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏம்மா தைக்கப்போறேன்?" என்றார். ஹாலில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். உனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்து, இருமினாய்.

ஆனால் நேரம் போய்விட்டது. எனக்கு ஒதுக்கிய நேரம் முடிந்து, அடுத்தவர் பெயர் கூப்பிட்டாயிற்று. பெரிய டாக்டர், "இடது தொடை சுத்தமா இருக்கு. கிடைச்ச படத்தை வச்சு ரிப்போர்ட் எழுதிடலாம், அடுத்தவரை ஏத்து" என்றார். இரண்டாவது படம் எடுக்கவே இல்லை. இன்னொரு நாள் என்றால் ஒரு மாதத்துக்கு மேலே வரிசை நிற்கிறது. ஒரு மாதம் நான் என் பிள்ளையை முறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நீ டாக்டரிடம் வாதாடவில்லை. அடுத்த ஆளிடம் போனாய். முதுகுவலிக்காக வந்திருந்த ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். மாமியார் நடத்திய கூத்தை முன்வரிசையில் உட்கார்ந்து ரசித்தவர்.

"ஐயா, இவளுக்குச் சின்னப் பையன் இருக்கான். அரை மணி நேரம் குடுத்தீங்கன்னா..."

"என் முதுகு முப்பது வருஷமா வலிக்குதும்மா. இன்னும் முப்பது நிமிஷம் வலிச்சா ஒண்ணும் குறைஞ்சிடாது. போங்க, போங்க. ஆணி எதுவும் இல்லையே?"

அவர் எந்த ஊர்க்காரர் என்றுகூட நமக்குத் தெரியாமல் போயிற்று. எங்கே இருந்தாலும் அவர் முதுகு நன்றாக இருக்கட்டும் என்று அப்புறம் எத்தனையோ தடவை வேண்டிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு படமும் எடுத்து முடித்து நான் வெளியே வந்தபோது உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ரிப்போர்ட் வரும் முன்னே வாயைத் திறக்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். "வூட்டுக்குப் போய்ச் சாப்புடு" என்றாய். அவ்வளவுதான். ஃபிலிமைப் பார்த்த நரம்பு டாக்டர் வலது தொடையின் வெளிப்பக்கம் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, அந்த இடத்திலிருந்து புதிதாக ஒரு துண்டு எடுக்கச் சொன்னார். அதற்கப்புறம் இரண்டு வாரம் காத்திருந்தோம். அந்த இரண்டு வாரமும் நீ பல்லாவரத்தில் ஏறியதும் ஊர்க்கதையெல்லாம் பேசினாய், இதை மட்டும் பேசவில்லை. உன்னைக் கடித்துத் தின்றுவிடலாம்போல இருந்தது எனக்கு.

அப்புறம் ஒரு சாயங்காலம். பையன் கூடத்தில் தரையில் கவிழ்ந்து படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். பென்சில் சீவ எழுந்தான். நான் வழக்கம்போல அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம். நீ. கீழ்க்கட்டளைக்குப் போகாமல் நேராகத் தாம்பரம் வரை வந்திருந்தாய். செருப்பைக்கூடக் கழற்றாமல் நிலைப்படியில் நின்றபடியே சொன்னாய்.

"அவன அப்பிடிப் பாக்காத இனிமே."

"என்னடி..."

"அவன் எந்திரிச்சா எந்திரிச்சிட்டுப் போறான். உனக்கு வந்தது வீக்கம். லேப்ல கேட்டுக்கினுதான் வர்றேன். மருந்து கீது. அது உன்னோட போயிடும், புள்ளைக்குப் போவாது."

பையன் பென்சிலைச் சீவிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தான். நான் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து அழுதேன். அழுது முடிப்பதற்குள் மாமியார் காபி போட்டுவிட்டார். அப்போதுதான் நீ அந்த ரகசியத்தை உடைத்தாய். இரண்டாவது படத்தில் இடது தொடையில் பெரிதாக ஒன்றும் இல்லை. வலது தொடையில்தான் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை வெளேர் என்று அடித்திருக்கிறது. ஆணி போட்ட கறுப்பு ஓட்டை எங்கே இருந்ததோ, அதே இடத்தில்.

"யம்மா, கரெக்டா அந்த எடத்துலதான் தச்சிருக்கீங்க" என்றாய். போதாதா? அவர் உயிரோடு இருந்தவரை யார் வந்தாலும் அந்தக் கதைதான். "டாக்டருங்க ரெண்டு மாசமா தேடினாங்க, நான் ராத்திரியே தச்சு வச்சிட்டேன்" என்பார். நீயும் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் போடுவாய். அந்த ஆணி உன் மிஷின் ரூம் சுவரில், பிளாஸ்திரி ஒட்டி, நீ ரிட்டயர் ஆகும்வரை தொங்கியது. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு அதைக் காட்டித்தான் பாடம் ஆரம்பிப்பாயாம். கடைசி நாளில் கழற்றிக்கொண்டு வந்து என் கையில் வைத்தாய். வேறு எந்தப் பரிசும் அத்தனை ஆர்ப்பாட்டமாக யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

மாத்திரை ஆரம்பித்தார்கள். ஸ்டீராய்டு. என் முகம் பூசணிக்காய் மாதிரி ஊதியது. பசியோ பசி. உன் டிபனையும் சேர்த்து மாம்பலத்துக்குள் முடித்துவிடுவேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்காமலிருக்கச் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். நீ அந்த மரியாதையெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. "பௌர்ணமி வந்துடிச்சி" என்று பெட்டியே கேட்கக் கத்துவாய்.

அப்போது நீ கண்டுபிடித்ததுதான் அந்தச் சோதனை. பல்லாவரத்தில் ரயில் நுழையும்போதே பிளாட்பாரத்திலிருந்து என் ஜன்னலைப் பார்த்து ஒரே வார்த்தை.

"ஏறுதா?"

நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்ட வேண்டும். முதல் மாதம் தோளோடு நின்றது. அடுத்து மோவாய். அப்புறம் காது. பெட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. "அக்கா, இன்னிக்கு நெத்திக்கு வந்துடுச்சு!" என்று குரோம்பேட்டைப் பெண் ஒருத்தி உனக்கு முந்திக்கொண்டு கத்துவாள். கறிவேப்பிலை ஆய்கிறவள், முறுக்கு விற்கிறவள், எல்லாரும் என் கைக்குக் காவல்.

ஒருநாள் சைதாப்பேட்டை தாண்டி, சரத்தைக் கட்டி முடித்தேன். பாதியாக அறுத்தேன். நீ வழக்கம்போலப் பூவை வாங்கக் கை நீட்டினாய். நான் கொடுக்கவில்லை. இரண்டு கையையும் தூக்கி, பின்னலில் நானே செருகி, நானே ஊசியைக் குத்திக்கொண்டேன். அதோடு விட்டேனா? எழுந்து நின்றேன், எதையும் பிடிக்காமல். உன் பூவை உன் தலையில் வைத்துவிட்டேன். நீ முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "தூசிடி, ஜன்னல மூடு" என்றாய். அன்றைக்கு மழை, ஜன்னல் மூடித்தான் இருந்தது.

உன்னை எடுத்துக்கொண்டது நெஞ்சு. அதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, கோபம் வருகிறது. ஊரார் உடம்புக்குள் எல்லாம் எட்டிப் பார்த்தவள், உன் நெஞ்சை ஒருநாள் காட்டியிருக்கக் கூடாதா? கடைசியாகப் பார்க்க வந்தபோது மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் மூடி போட்டிருந்தார்கள். பேச முடியவில்லை. புருவத்தை மட்டும் இரண்டு தடவை தூக்கினாய். புரிந்துவிட்டது எனக்கு. கட்டில் ஓரமாக நின்று இரண்டு கையையும் உச்சி வரை தூக்கிக் காட்டினேன். நர்ஸ் வந்து, "எக்சர்சைஸெல்லாம் வெளியில பண்ணுங்கம்மா" என்றாள். மூடிக்குள் நீ சிரித்ததில் அது பனிபிடித்ததுபோல் வெளுத்தது. நான் உன்னிடம் கடைசியாகப் பார்த்தது அந்தச் சிரிப்பைத்தான்.

இதுவரை நேற்று எழுதியது. இன்று ஸ்கேன் முடிந்து வந்து, மீதியை எழுதுகிறேன்.

மருமகள்தான் கூட வந்தாள். ஸ்கேன் சென்டர் வாசலில் ஆணியை எடுத்து அவள் கையில் கொடுத்து, "நான் வெளியில வர்ற வரைக்கும் இதைக் கையிலேயே வச்சிட்டு இரு" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து வந்தபோது இறுக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் துரு ஒட்டியிருந்தது. நல்ல பெண். அவளுக்கு முழுக்கதையையும் சொன்னேன். நடுவில் அவள் கேட்டது ஒன்றுதான். "அப்போ இவரைத்தான் அத்தை நீங்க அப்படிப் பார்த்துக்கிட்டே இருந்தீங்களா?" அந்த ஏழு வயதுப் பையன்தான் அவள் புருஷன். தொப்பை போட்டிருக்கிறது, தரையில் உட்காரச் சொன்னால் முனகுகிறான். அது வேறு வியாதி, சோம்பேறித்தனம்.

ஆனால் உனக்குச் சொல்ல வந்தது இதுவல்ல. காலையில் போகும்போது நடந்தது. தாம்பரத்தில் ஏறி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தேன். பக்கத்துச் சீட்டில் என்னை அறியாமலேயே பையை வைத்துவிட்டேன். மருமகள் நின்றுகொண்டே, "அத்தை, நான் எங்க உட்கார?" என்றாள். பையை எடுத்துக்கொண்டேன். குரோம்பேட்டை போயிற்று. பல்லாவரம் வந்தது. பிளாட்பாரத்தில் நீ நிற்கும் தூணுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பெண் ஆபீஸ் பையோடு நின்றாள். ரயில் நின்றது.

முழங்கால்தான் ரிப்பேர். தோள் நன்றாக இருக்கிறது. பெட்டி முழுக்கப் பார்க்க இரண்டு கையையும் தூக்கினேன். காதைத் தாண்டி, நெற்றியைத் தாண்டி, உச்சிக்கு மேலே.

"யாருக்கு அத்தை கை காட்டுறீங்க?"

ரயில் நகரும்வரை நான் கையை இறக்கவில்லை.

ஏறுதுடி.